நம்ம கல்லியின் கொசுக் கணக்கு: தாராவியில் கட்டற்ற கருவிகளோடு ஒரு சுகாதாரப் பயிற்சி நடத்துவது எப்படி?

தண்ணீர் டிரம்முக்குள் மொபைல் டார்ச்சை அடித்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம், நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நூல் துண்டு போன்றவை நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். மூச்சு வாங்க அவை மேலே வந்தாக வேண்டும், அதனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். அவைதான் கொசுப்புழுக்கள். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கல்லியில் (சந்தில்) நாங்கள் நடத்திய முதல் பயிற்சி இப்படித்தான் தொடங்கியது. பல வருடமாக அதே டிரம்மில் தண்ணீர் பிடிக்கும் ஓர் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இது தூசின்னுல்லா நெனச்சேன்" என்றார்.

டெங்கு பற்றி அந்த அக்கா கேட்காத பேச்சு இல்லை. "தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். ஆனால் குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும் வீட்டில் தண்ணீரைத் தேக்காமல் எப்படிச் சமைப்பது? அந்தக் கேள்விக்கு மைக்கில் பதில் கிடையாது. கல்லிக்காரர்களே தங்கள் பாத்திரங்களைப் பார்த்து, எண்ணி, எந்தப் பாத்திரத்தில் புழு அதிகம் என்று கண்டுபிடித்து, அதற்கு என்ன செய்யலாம் என்று பேசும்போதுதான் பதில் வருகிறது. மக்கள் பங்கேற்கும் சுகாதாரப் பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். அதற்கு உதவும் மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஒரு சுற்றை முழுதாக நடத்திப் பார்க்கும் அளவுக்கு, எங்கள் அனுபவத்தில் சரியாக வந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். டெங்குவை எடுத்துக்கொண்டது பழகுவதற்கு எளிது என்பதால். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மே மாதமே தொடங்கிவிடுங்கள்.

ஏன் ஓப்பன் சோர்ஸ்?

காசு மிச்சம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. ஒரு கம்பெனி செயலியில் தகவலைக் கொட்டிவிட்டால், நாளைக்கு அந்தக் கம்பெனி விலையை ஏற்றினாலும் கடையை மூடினாலும் நம் கணக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓப்பன் சோர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் மூலநிரல், அதாவது அதை இயக்கும் கட்டளைகள், எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. தகவலை எப்போது வேண்டுமானாலும் நம் கைக்கு எடுத்துக்கொள்ளலாம், வேண்டுமென்றால் நம்முடைய கணினியிலேயே அதை ஓட்டலாம். கல்லியின் கணக்கு கல்லியிடமே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.

நமக்கு வேண்டியவை ஐந்தாறுதான். வீடு வீடாகப் பதிவு செய்ய கோபோடூல்பாக்ஸ். கணக்குப் போட லிப்ரேஆஃபிஸ். வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அதன் மேல் புள்ளி வைக்க யூமேப். குரல் பதிவுக்கு ஆடாசிட்டி, சுவரொட்டிக்கு இங்க்ஸ்கேப். ஒரு பழைய லேப்டாப்பும் மூன்று நான்கு ஆண்ட்ராய்டு ஃபோன்களும் இருந்தால் போதும்.

முதலில் ஆட்கள்

கருவியை இறக்கும் முன்னால் ஆட்களைச் சேருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரியான எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் தண்ணீர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதனால் குழுவில் அவர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். ஃபோனில் விரல் ஓடும் இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகளையும், கல்லியின் பழைய கதை தெரிந்த ஓர் ஆச்சியையும் விட்டுவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஒதுக்க வேண்டாம். புழுவைக் கண்டுபிடிக்க எழுத்து தேவையில்லை.

கூட்டம் போடும் நேரத்தைத் தண்ணீர் வரும் நேரம்தான் தீர்மானிக்கும். எங்கள் கல்லியில் பகல் மூன்று மணி ஒத்து வந்தது. சமையல் முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

இதோடு உங்கள் பகுதி ஹெல்த் போஸ்டுக்கு (மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையம்) போய், இப்படி ஒரு பயிற்சி நடத்தப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். வீடு வீடாகப் போகும் ஆரோக்கிய சேவிகாக்களில் ஒருவரைக் குழுவுக்கு அழையுங்கள். அவர் கூட வந்தால் கதவு திறக்கும். பின்னால் மருந்து தெளிக்கவோ கழிவைத் தூர்வாரவோ கேட்கும்போது, நம் கணக்கை ஏற்கெனவே பார்த்த ஒருவர் உள்ளே இருப்பார். தாராவி, மாகிம், தாதர் எல்லாம் மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டில் வருகின்றன, மனு கடைசியில் போய்ச் சேரும் இடம் அது.

தரையில் கோலமாவு வரைபடம்

முதல் நாள் ஃபோனைத் தொடவே வேண்டாம். எல்லோருமாகக் கல்லியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடங்கள். குழாய் எங்கே, பொதுக் கழிப்பறை எங்கே, சாக்கடை எங்கே அடைக்கிறது, எந்தக் கூரை மேல் நீலத் தார்ப்பாய், எங்கே பழைய டயர் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். திரும்பி வந்ததும், சமுதாயக் கூடத் தரையிலோ கோயில் முன்னாலோ கோலமாவால் கல்லியை வரையச் சொல்லுங்கள். கோலம் போட்டுப் பழகிய கை, கேட்டதும் வரைந்துவிடும். குழாய்க்குச் சோழி, டிரம் வரிசைக்குப் புளியங்கொட்டை, போன மழையில் காய்ச்சல் வந்த பக்கத்துக்குச் சிவப்பு மிளகாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நடத்துபவருக்கு ஒரே வேலை, வாயை மூடிக்கொண்டு கேட்பது. "அந்த மூலையில என்ன, அங்க யாரு வீடு, நீ ஏன் அத விட்டுட்ட" என்று அவர்களுக்குள் வரும் வாக்குவாதத்தில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் தரைப்படத்தில், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஒரு பட்டறையை யாரோ காட்டினார்கள். அதன் மாடியில் திறந்த தொட்டி ஒன்று இருந்தது. எந்தக் கேள்வித்தாளிலும் அது வந்திருக்காது.

இந்த வேலைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1854ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வீடு வீடாகக் குறித்து, பிராட் ஸ்ட்ரீட் அடிபம்புதான் காரணம் என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. அதே பகுதியில் வேலை பார்த்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியாரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஸ்னோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. தவறு என்று காட்டுவதற்காகவே தெருவில் விசாரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லித் தெரிந்தவர் என்பதால், பம்புக்குப் பக்கத்து வீட்டில் நோய்ப்பட்ட ஒரு குழந்தையிடமிருந்து அது தண்ணீருக்குள் போன வழியை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. கடைசியில் ஸ்னோவின் பக்கம் வந்துவிட்டார். வரைபடம் மருத்துவருடையது, தெரு பற்றிய அறிவு தெருக்காரருடையது. நம் குழுவில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

தரைப்படத்தை ஃபோட்டோ எடுத்துவிட்டு, ஒரு பெரிய சார்ட் பேப்பரில் பேனாவால் பெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை அது தேவைப்படும்.

கேள்விகளைக் கல்லித் தமிழில் எழுதுவது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கேள்வி தப்பானால், எவ்வளவு நல்ல மென்பொருளும் தப்பையே அழகாகக் காட்டும்.

நாங்கள் முதலில் எழுதிய தாளில் "நீர் சேமிப்புக் கலன்கள் யாவும் முறையாக மூடப்பட்டுள்ளனவா?" என்று இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் "ஆமா" என்றார்கள். "கலன்" என்றால் என்ன என்று இரண்டு பேர் மட்டும் திருப்பிக் கேட்டார்கள். நாங்கள் அதை அடித்துவிட்டு, குழுவிடமே கேட்டோம்: உங்க வீட்டுல தண்ணி எதுலெல்லாம் இருக்கு? வந்த பட்டியல்: நீல டிரம், சின்டெக்ஸ் தொட்டி, குடம், பக்கெட், மோரியில் (பாத்திரம் கழுவும் மூலையில்) இருக்கும் சிமெண்ட் தொட்டி, ஏர்கூலர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், கூரைத் தார்ப்பாயின் பள்ளம், டயர். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாவதாக, கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்க்கக்கூடியதாகக் கேள்வியை மாற்றுங்கள். "மூடி வைக்கிறீர்களா" என்று கேட்டால் மரியாதைக்காக "ஆமா" வரும். "எத்தனை டிரம் இருக்கிறது, அதில் எத்தனையில் புழு கண்டோம்" என்று எழுதினால் இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து பார்த்தாக வேண்டும். பார்க்கிற அந்த நிமிடம்தான் பயிற்சி.

ஐந்து வகைப் பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: பார்த்தது எத்தனை, புழு இருந்தது எத்தனை. அதோடு எத்தனை நாளைக்கு ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், தண்ணீர் எந்த நேரம் வருகிறது, அந்த வீட்டார் சொல்ல விரும்பும் ஒரு விஷயம். அவ்வளவு போதும். பதினைந்து கேள்வியைத் தாண்டினால் வாசலில் நிற்பவருக்கும் சலிப்பு, கேட்பவருக்கும் சலிப்பு.

புழுவை அடையாளம் காணும் பயிற்சியையும் அன்றே முடித்துவிடுங்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் காட்டினால் போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு நீர்மட்டத்திலிருந்து சாய்வாகத் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸின் புழு நீர்மட்டத்தோடு படுத்தவாக்கில் கிடக்கும். கமா மாதிரி வளைந்திருந்தால் அது கூட்டுப்புழு, இன்னும் ஓரிரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஏடிஸுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், சாக்கடை இல்லை. கடிப்பதும் பகலில். முட்டையிலிருந்து கொசுவாக இந்த வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்யச் சொல்வது அதனால்தான்.

படிவத்தை ஃபோனில் ஏற்றுவது

கோபோடூல்பாக்ஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேயப் பணிக் குழு ஒன்றில் வளர்ந்தது. அதன் ஃபோன் செயலி, 2008ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே (ஓப்பன் டேட்டா கிட்) என்ற திட்டத்தின் மேல் கட்டப்பட்டது. சிக்னல் இல்லாத இடங்களிலும் வேலை செய்ய வேண்டும் என்று உருவானவை இவை. தாராவியின் உள் கல்லிகளில் சிக்னல் படும் பாட்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

லேப்டாப்பில் கோபோவின் தளத்துக்குப் போய், குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் வைத்து இலவசக் கணக்கு தொடங்குங்கள். யாருடைய சொந்த மின்னஞ்சலையும் பயன்படுத்த வேண்டாம், அவர் ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். புதிய திட்டம் ஒன்றைத் திறந்து, படிவத்தை அங்கேயே உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கூட்டல் குறியை அழுத்தி, கேள்வியைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, அது எண்ணா, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதா, எழுத்தா, ஃபோட்டோவா என்று வகையைச் சொல்ல வேண்டும். பார்த்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

ஆனால் மூன்று விஷயத்தைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியின் அமைப்புப் பக்கத்திலும் தகவல் நெடுவரிசையின் பெயருக்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், நீங்கள் புரிந்துகொள்ளும் ஒரு சிறு பெயர் கொடுங்கள். விட்டுவிட்டால் பின்னால் கணக்குத் தாளில் எது எதற்கான எண் என்று தேட வேண்டியிருக்கும். இரண்டாவது, தாவும் விதி: டிரம் பூஜ்யம் என்றால் "புழு இருந்த டிரம்" கேள்வி தானாக மறைய வேண்டும். மூன்றாவது, சரிபார்ப்பு விதி: ஒரு வீட்டில் டிரம் இருபதுக்கு மேல் வந்தால் "மறுபடி எண்ணிப் பாருங்கள்" என்று ஃபோனே சொல்லும்படி வையுங்கள். விரல் தவறி 2 என்பது 22 ஆவது தினமும் நடக்கும்.

முடிந்ததும் படிவத்தை வெளியிடும் பொத்தானை அழுத்துங்கள். ஃபோன்களில் பிளே ஸ்டோரிலிருந்து கோபோகலெக்ட் செயலியை இறக்கி, தளத்தில் காட்டும் சர்வர் முகவரியைக் கொடுத்து, படிவத்தைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். இதை வைஃபை இருக்கும் இடத்தில் வைத்து எல்லோரும் ஒன்றாகச் செய்துவிடுவது நல்லது. முதன்மைக் கணக்கின் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். பதிவு அனுப்ப மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதைக் கொடுங்கள்.

அப்புறம் ஒத்திகை. ஒவ்வொருவரும் தன் வீட்டையே ஒருமுறை பதிவு செய்து அனுப்பட்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வார்த்தையை மாற்ற வேண்டுமென்றால் இப்போதே மாற்றிவிட்டு, மறுபடி வெளியிட்டு, எல்லா ஃபோனிலும் புதிய படிவத்தை இறக்குங்கள். ஒத்திகைப் பதிவுகளை அழித்துவிடுங்கள். கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு கேள்வியில் கை வைக்கக் கூடாது.

கதவைத் தட்டும் முன்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். தாராவியில் கையில் ஃபோனோடு வருபவரைப் பார்த்தால் எல்லோர் மனதிலும் முதலில் எழும் கேள்வி, "வீட்டு சர்வேயா?" என்பதுதான். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்னாலிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்ற விதி. கீழே யார், மாளாவில் (மேல்தளத்தில்) யார், வாடகைக்கு யார் என்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடிய தகவல். நம்முடைய கொசுக் கணக்கு அதோடு ஒரு நூலளவும் ஒட்டக் கூடாது.

அதனால் பெயர் வேண்டாம், ஃபோன் நம்பர் வேண்டாம், ஆதார் என்ற பேச்சே வேண்டாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டாம். கதவில் சாக்பீஸால் எண் போடாதீர்கள். படிவத்தில் கல்லி எழுத்தும் வரிசை எண்ணும் மட்டும் போதும்: அ-7, ஆ-12 என்பதுபோல. எது யார் வீடு என்பது அந்தச் சார்ட் பேப்பரில் இருக்கிறது, அது குழுவிடம் இருக்கிறது. ஜிபிஎஸ் கேள்வியை நாங்கள் எடுத்தே விட்டோம். இந்த நெருக்கமான சந்துகளில் அது பத்து வீடு தள்ளிக் காட்டும், சரியாகக் காட்டினால் இன்னும் ஆபத்து. ஃபோட்டோ எடுத்தால் டிரம்மின் உள்ளே மட்டும், யாருடைய முகமும் வேண்டாம், கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் சம்மதம் ஒருபக்கம் இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கை அதைவிடப் பெரிது.

வாசலில் சொல்ல வேண்டியதைக் குழுவே எழுதட்டும். எங்கள் குழு எழுதியது இது: "யக்கா, நாங்க நம்ம கல்லி ஆளுங்கதான். கொசுப்புழு இருக்கான்னு தண்ணிய மட்டும் பாக்கோம். பேரு எழுத மாட்டோம். வேண்டாம்னா சொல்லுங்க, போயிருதோம். என்ன கண்டோம்னு ஞாயித்துக்கெழம கோயில் முன்னால சொல்லுவோம்." அந்தக் கடைசி வரி முக்கியம். முன்பு வெளியிலிருந்து ஒரு குழு வந்து இதே வீடுகளில் மணிக்கணக்காகக் கேள்வி கேட்டுப் போனது. என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்று வரை யாரும் வந்து சொல்லவில்லை. அந்தக் கோபம் கல்லியில் இன்னும் இருக்கிறது, நியாயமான கோபம்.

வேண்டாம் என்றவர் வீட்டைத் தாண்டிப் போங்கள். அதற்கும் ஒரு பதிவு போடுங்கள், "மறுத்தார்" என்று.

கணக்கெடுக்கும் நாள்

இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் டார்ச் அடித்துப் பார்ப்பார், ஒருவர் ஃபோனில் பதிவார், ஐந்து வீட்டுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். டிரம்முக்குள் பார்க்கும் முன் வீட்டாரையும் கூப்பிடுங்கள். புழு இருந்தால் முதலில் பார்ப்பது அவர்களாக இருக்கட்டும். "என்னம்மா இப்படி வச்சிருக்கீங்க" என்ற தொனி வந்துவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

யாராவது காய்ச்சலோடு படுத்திருந்தால் நாம் வைத்தியம் சொல்லக் கூடாது. ஹெல்த் போஸ்டுக்கோ சயான் மருத்துவமனைக்கோ போகச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கும் வரை ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டபிறகும் இவை வரலாம் என்பதைக் குழுவில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இதைப் படிவத்தின் கடைசியில் ஒரு குறிப்பாகவே போட்டுவிடலாம்.

மாலையில் எல்லோரும் ஒன்றுகூடி, அன்றைய பதிவுகளை அன்றைக்கே சர்வருக்கு அனுப்புங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பியின் ஃபோன் தொங்கிப்போய் அதை ரீசெட் செய்ததில், அனுப்பாமல் வைத்திருந்த பதினான்கு வீட்டுப் பதிவும் போய்விட்டது. அந்தப் பதினான்கு வீட்டுக்கும் மறுபடி போய் நின்றோம்.

புளியங்கொட்டையில் தொடங்கும் கணக்கு

உலகம் முழுக்கக் கொசு ஆய்வில் மூன்று எண்களைப் பயன்படுத்துகிறார்கள். புழு கண்ட வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பது வீட்டுக் குறியீடு. புழு கண்ட பாத்திரங்கள் நூற்றுக்கு எத்தனை என்பது பாத்திரக் குறியீடு. நூறு வீட்டுக்குப் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரிட்டோ குறியீடு.

இதை எடுத்தவுடன் திரையில் காட்டாதீர்கள். தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டையால் செய்யுங்கள். உதாரணத்துக்கு 60 வீடு, 240 பாத்திரம் பார்த்தோம், 15 வீட்டில் 24 பாத்திரத்தில் புழு என்று வைத்துக்கொள்வோம். 60ல் 15 என்றால் கால்வாசி, வீட்டுக் குறியீடு 25. 240ல் 24 என்றால் பாத்திரக் குறியீடு 10. 60 வீட்டுக்கு 24 பாத்திரம் என்றால் 100 வீட்டுக்கு 40, அதுதான் பிரிட்டோ. சீட்டுக் கணக்கும் வட்டிக் கணக்கும் மனதிலேயே போடும் அக்காக்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. நாங்கள் கால்குலேட்டரை எடுக்கும் முன் பதில் வந்துவிட்டது.

அப்புறம் கோபோவிலிருந்து பதிவுகளை எக்ஸெல் கோப்பாக இறக்கி, லிப்ரேஆஃபிஸ் கால்க்கில் திறங்கள். சிஎஸ்வி கோப்பாக இறக்கினால், திறக்கும்போது வரும் பெட்டியில் எழுத்து வகையை யூனிகோட் யூடிஎஃப்-8 என்று வையுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாக வரும். ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டி, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் ஏன் என்று எல்லோருமாகத் தேடுங்கள்.

எந்த வகைப் பாத்திரத்தில் அதிகம் என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் கல்லியில் தினமும் காலியாகும் குடத்தில் புழுவே இல்லை. திட்டு வாங்கிக்கொண்டிருந்தது குடம் வைத்திருப்பவர்கள். புழு இருந்தது, "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று மூலையில் நிரப்பி வைத்த இரண்டாவது டிரம்மில்.

வரைபடம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004ல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதில் உங்கள் கல்லியைத் தேடிப் பாருங்கள். குறுகிய சந்துகள் விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்க்கலாம், கல்லியின் பெயரைத் தமிழிலும் கொடுக்கலாம். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, கோயில், பள்ளி போன்ற பொது இடங்களை மட்டும் அதில் ஏற்றுங்கள். புழு கண்ட வீடோ காய்ச்சல் வந்த வீடோ அதில் ஏறவே கூடாது, அது உலகம் முழுக்கத் தெரியும்.

உங்கள் முடிவுகளுக்கு யூமேப்பில் தனியாக ஒரு படம் திறந்து, பார்க்கும் உரிமையைக் குழுவுக்கு மட்டும் என்று வையுங்கள். வீட்டுக்கு ஒரு புள்ளி வேண்டாம், கல்லிக்கு ஒரு நிறம் போதும். கியூஜிஐஎஸ் இன்னும் ஆழமான வரைபட மென்பொருள், முதல் சுற்றுக்குத் தேவையில்லை.

கண்டதைக் கல்லிக்குத் திருப்பிக் கொடுப்பது

சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சொன்ன இடத்தில் சார்ட் பேப்பரை மாட்டுங்கள். பேசுவது கணக்கெடுத்தவர்களாக இருக்கட்டும். மூன்று எண், ஒரு படம், ஒரு கேள்வி: இதுக்கு என்ன பண்ணலாம்?

தண்ணீரைக் கொட்டுங்கள் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. எங்கள் கூட்டத்தில் ஓர் ஆச்சிதான் வழி சொன்னார். ஒரு டிரம்மின் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி அடுத்ததில் ஊற்று, காலியானதைத் தேங்காய் நாரால் தேய், திரும்ப ஊற்று. இதில் தேய்ப்பதுதான் உயிரான இடம். ஏடிஸ் முட்டையை இடுவது தண்ணீரில் இல்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். காலி செய்து கவிழ்த்து வைத்த டிரம்மிலும் மறுபடி தண்ணீர் பிடித்ததும் புழு வருவது இதனால்தான். கழுவியதும் பழைய புடவைத் துணியை இரண்டாக மடித்து மேலே போட்டு, சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டினால் கொசு நுழையாது.

இதையே சுவரொட்டியாக்க இங்க்ஸ்கேப்பும், இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவும் போதும். பத்து வார்த்தைக்கு மேல் எழுதாதீர்கள், படம் பெரிதாக இருக்கட்டும். படிக்காதவர்களுக்கு ஆடாசிட்டியில் ஒரு நிமிடக் குரல் பதிவு. அந்த ஆச்சியே தன் நெல்லைத் தமிழில் பேசியதைப் பதிவு செய்து, பின்னால் கேட்ட குக்கர் விசிலை மட்டும் வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். டாக்டர் பேசிய பதிவைவிட அது அதிகம் சுற்றியது.

நம் கையில் இல்லாதவற்றுக்கு, அதாவது பூட்டிய பட்டறை மாடித் தொட்டி, அடைத்த சாக்கடை போன்றவற்றுக்கு, ஒரு பக்க மனு எழுதி எண்களை மேலேயே போட்டு வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். மராத்தியில் எழுதி, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வீடு பார்த்தோம் என்ற எண்ணோடு போகும் மனுவுக்கு இருக்கும் மதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயிற்சியைப் பல கல்லிகளுக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், பாடங்களை அடுக்கி வைக்க மூடுல், இணையம் இல்லாமல் ஓட கோலிப்ரி, தூரத்து டாக்டரோடு பேச ஜிட்ஸி மீட் என்று இருக்கின்றன. அவசரப்பட வேண்டாம். ஒரு கல்லியை முழுதாக முடித்தவர்கள் அடுத்த கல்லிக்காரர்களுக்கு நேரில் கற்றுக்கொடுப்பதுதான் இதுவரை நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்தது.

இரண்டு வாரம் கழித்து, அதே படிவத்தோடு அதே வீடுகளுக்கு மறுபடி போங்கள். ஒரு கேள்வியையும் மாற்றாதீர்கள், மாற்றினால் முன்னதோடு ஒப்பிட முடியாது. முதல் சுற்றில் மறுத்த வீடுகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் கதவைச் சாத்திய ஒரு வீட்டில், இரண்டாம் சுற்றுக்குப் போனபோது அந்த வீட்டுச் சிறுமி டார்ச்சோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மூன்று டிரம், மூன்றின் மேலும் புடவைத் துணி கட்டியிருந்தது. அவளே ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினாள். ஒன்றில் புழு இருந்தது. "எழுதிக்கோங்க" என்றாள்.